ஹோவிங் காது

ஹோவிங் குடும்பத்தில் ஒருவருக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது, குரலிலும் தெரியாது. காதில்தான் தெரியும். மடல் நுனியில் ஒரு சிவப்பு தொடங்கி, மெல்லக் கீழே இறங்கி, காது முழுக்கப் பரவும். பரவி முடித்த மறுநொடி கை ஓங்கும். ஹில்லியும் அவள் அண்ணன் பெரெண்டும் சின்ன வயதில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டதே கிடையாது. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவின் காதைப் பார்த்தபடிதான் உருளைக்கிழங்கை விழுங்கினார்கள். சிவப்பு தொடங்கியதும் பெரெண்ட் மேசைக்கடியில் தங்கையின் பாதத்தை ஒரு மிதி மிதிப்பான். அவள் சத்தமில்லாமல் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். அடி அவனுக்கு விழும். அந்த மிதிக்கு அவள் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

அப்பா போய்ச் சேர்ந்து வருஷம் பலவாகிவிட்டது. காது போகவில்லை. பெட்ரோல் பங்கில் வரிசையை மீறி நுழைந்த ஒருவனைப் பார்த்து ஒருநாள் பெரெண்டின் காது சிவந்தது. அடி வாங்கியவன் தரையில் தலை மோத விழுந்தான். அவன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. நீதிபதி முதலில் சிறை என்றார், அதற்குப் பிறகு காவலோடு கூடிய கிளினிக் என்றார். இவனால் இனி ஆபத்தில்லை என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும்வரை அங்கிருந்து விடுதலை இல்லை.

அந்த மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒருவர் பெரெண்டின் மூளைப் படத்தை விளக்கில் மாட்டி, "முன்மூளையில பிரேக் இல்லாம பிறந்தவன், இதுக்கு மருந்தும் கிடையாது பாடமும் கிடையாது" என்றார். நெடுங்காலப் பிரிவுக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர் யோசனை. அந்தப் பிரிவுக்குள் போனவர்கள் திரும்பி வருவதில்லை. இல்சே என்ற பராமரிப்பாளர் மட்டும் வருஷக்கணக்காக அவனோடு தினமும் மல்லுக்கட்டியவள். மனுஷன் கற்றுக்கொள்வான், ஒரே ஒரு தடவை வெளியே விட்டுப் பாருங்கள் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் கிடைத்தது இரண்டு மணி நேரம். அம்மா ஆல்ச்சேயின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, இல்சேயின் கண்பார்வையில், மெப்பல் ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு. பீர் கூடாது, கத்தி தொடக் கூடாது. ஏதாவது கோணலானால் நெடுங்காலப் பிரிவு.

இதில் ஹில்லி தன் பங்குக்கு ஒரு பந்தயம் கட்டியிருந்தாள். அவள் வயிற்றில் மூன்றாம் மாதம். கணவன் ரூபெனைத் தவிர யாருக்கும் தெரியாது. குழந்தையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. "நீ சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டான் ரூபென், நல்லவன். புதன்கிழமை டாக்டரிடம் பதில் சொல்லியாக வேண்டும். போன குளிர்காலத்தில் அவள் கையிலிருந்த இரும்பு வாணலி ரூபெனின் தலைக்கு அருகே பறந்து போய்ச் சமையலறை ஜன்னலை உடைத்தது. கை தவறிவிட்டது என்றாள் அவள். கை தவறிவிட்டது என்றான் அவனும். இருவரும் அதை நம்புவதுபோல நடித்துக்கொண்டு கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்கள்.

ஆகவே பந்தயம் இதுதான். இன்றைக்கு அம்மா வீட்டு நாற்காலியில் பெரெண்ட் காது சிவக்காமல் உட்கார்ந்து எழுந்து போனால் குழந்தை இருக்கட்டும். சிவந்தால், ரத்தம் மாறாது என்று அர்த்தம். அப்புறம் வேண்டாம். பைத்தியக்காரப் பந்தயம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பெரிய படிப்பு படித்த டாக்டர்களும் இதே பந்தயத்தைத்தான் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டியிருந்தார்கள்.

அம்மா தன்னால் ஆனதையெல்லாம் செய்திருந்தாள். வீட்டிலிருந்த கத்திகளை ஒரு துணிப்பையில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். உருளைக்கிழங்கு சீவும் கருவியைக்கூட விடவில்லை. கேக்கைக் காலையிலேயே துண்டு போட்டு வைத்தாள். வரவேற்பறையில் வழக்கம்போல நாற்காலிகளைச் சுவரோரமாக வட்டமாகப் போட்டாள். கார் வந்து நின்றபோது அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் மடியில் கேக் தட்டோடு அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரெண்ட் உள்ளே வந்தான். இளைத்திருந்தான், முன்தலை வழுக்கை. இல்சே கதவோரம் நின்றுகொண்டாள். எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கு வருகிறவர் வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவர் கையையும் குலுக்கி வாழ்த்து சொல்லித்தான் உட்கார வேண்டும், பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்திவிட்டுத் தப்பிக்க முடியாது. பெரெண்ட் ஆரம்பித்தான்.

"அம்மா, வாழ்த்துகள்." அம்மா அவனைக் கட்டிக்கொள்ளப் போய், இல்சேயைப் பார்த்துவிட்டு, கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டம்மாவிடம் திரும்பினான். "அம்மா பிறந்தநாளுக்கு உங்களுக்கு வாழ்த்துகள்."

"உனக்கும் வாழ்த்துகள், பெரெண்ட். வழியில டிராஃபிக் எப்படி?"

"பரவாயில்லை. பாலத்துக்கிட்ட கொஞ்சம் நின்னுச்சு."

"அந்தப் பாலமே அப்படித்தான்."

இத்தனை வருஷம் எங்கிருந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் சாதாரணம் என்று காட்டிக்கொள்வதில் எங்கள் ஊர் ஆட்களை மிஞ்ச ஆள் கிடையாது. கூரை பற்றி எரிந்தாலும் பாலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

வட்டத்தின் கடைசியில் அம்மாவின் தம்பி லம்மெர்ட் மாமா உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்க மாடு வளர்த்தவர். பொலிகாளைகளின் வம்சாவளி ஏழு தலைமுறைக்கு அவருக்கு வாயிலேயே இருக்கும். பொய் பேசாத மனிதர், மனதில் பட்டதை அடக்கவும் தெரியாத மனிதர். பெரெண்ட் கையை நீட்டினான். மாமா தன் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"உட்காருடா. நின்னுக்கிட்டே இருந்தா எல்லாருக்கும் கஷ்டம்."

நீட்டிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. ஹில்லியின் பார்வை அண்ணன் காதில் இருந்தது. நுனியில் லேசாக ஒரு இளஞ்சிவப்பு. பெரெண்ட் மூச்சை மெல்ல வெளியே விட்டு, கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அது ஹில்லிக்கு நேரெதிரே இருந்தது. இளஞ்சிவப்பு அடங்கியது. இது கணக்கில் சேராது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவள் கேக்கைச் சாப்பிட்டாளா, யாருக்கு என்ன பதில் சொன்னாள், எதுவும் நினைவில்லை. காதுதான், வேறொன்றுமில்லை. வலது காது, இடது காது. நடுவில் ஒரு தடவை பெரெண்டும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அண்ணன் பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

காபி முடிந்தது. அம்மா ஆண்களுக்கு பீரும், பெண்களுக்குச் சின்னக் கரண்டியோடு முட்டை மதுவும், எல்லாருக்கும் சீஸ் துண்டுகளும் கொண்டுவந்தாள். பெரெண்டுக்கு எலுமிச்சைச் சாறு. அந்த நேரம் பார்த்து இல்சேயின் கைபேசி அடித்தது. மணிக்கொரு தடவை கிளினிக்கிலிருந்து வரும் விசாரிப்பு. உள்ளே சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நடைவழிப் பக்கம் திரும்பினாள்.

சீஸ் வந்துவிட்டால் அடுத்தது லம்மெர்ட் மாமாவின் சாஸேஜ். தன் பன்றியிலிருந்து தானே செய்து, கொட்டகையில் தொங்கவிட்டுக் காயவைத்த சாஸேஜ். அது இல்லாமல் இந்த வீட்டில் ஒரு பிறந்தநாளும் நடந்ததில்லை. மாமா கோட்டுப் பையிலிருந்து அதை எடுத்தார், பலகையை எடுத்தார், கொம்புப் பிடி வைத்த தன் கத்தியையும் எடுத்தார். சீவும் கருவியைக்கூட ஒளித்து வைத்த அம்மாவுக்கு இந்தக் கத்தி நினைவுக்கே வரவில்லை. வருஷா வருஷம் வந்து வந்து அது கண்ணுக்குத் தெரியாத பொருளாகிவிட்டிருந்தது. ஹில்லி மட்டும் திடுக்கிட்டாள்.

"மாமா, அந்தக் கத்தி." குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"என்ன கத்தி?"

"கத்தி கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"இது சாஸேஜ் கத்தி."

அதோடு விஷயம் முடிந்தது என்பதுபோல நாலு துண்டு வெட்டி, பலகையை, அதன்மேல் இருந்த கத்தியோடு, பக்கத்திலிருந்த ஹில்லியிடம் நீட்டினார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தன்னிடம் இருப்பதே பத்திரம் என்று அவளுக்குப் பட்டது. பாவம்.

மாமாவின் பார்வை அவள் பக்கத்தில் தொடாமல் இருந்த முட்டை மதுக் கிண்ணத்தில் விழுந்தது.

"நீ ஏன் குடிக்கலை?"

"வேண்டாம் மாமா. ஆப்பிள் சாறு போதும்."

"தீனி வேண்டாம்னு கிடாரி தலையைத் திருப்பிக்கிச்சுன்னா ரெண்டுல ஒண்ணு. சீக்கு, இல்லை சினை. உன்னைப் பார்த்தா சீக்காத் தெரியலையே."

வட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்தினார்கள். ரூபெனின் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவனுக்கு மறைக்கத் தெரியாது. அம்மா கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஓ. அப்படியா சேதி," என்றார் மாமா. வாழ்த்து சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "ரூபென், உங்க பக்கம் சாதுவான ஜனங்க, எனக்குத் தெரியும். ஆனா பாதிதானே அது. மிச்சப் பாதி ஹோவிங்."

"மாமா, இன்னைக்கு வேண்டாமே," என்றான் ரூபென்.

"நான் என்னத்தைச் சொல்லிட்டேன்? மாட்டைப் பத்திச் சொல்றேன். என்கிட்ட ஒரு பொலிகாளை இருந்துச்சு. என்ன அழகு, என்ன பால் வம்சம். ஆனா அதோட கன்னு அத்தனையும் முட்டுச்சு. சரி, வளர்ப்புல மாத்திக்கலாம்னு என் பொண்டாட்டி ஒண்ணைச் சமையலறையில வச்சுப் புட்டிப்பால் குடுத்து நாய்க்குட்டி மாதிரி வளர்த்தா. அதுதான் அவ இடுப்பை உடைச்சுது." நிறுத்தி, எதிரே பெரெண்டைப் பார்த்தார், பிறகு ஹில்லியின் வயிற்றைப் பார்த்தார். "அப்புறம் அந்த வம்சத்துல எது பிறந்தாலும் அன்னைக்கே வண்டியில ஏத்திருவேன். பாவம் புண்ணியம் பார்த்தா நாளைக்கு யாரோ ஒருத்தர் பெட்ரோல் பங்குல கிடப்பாங்க."

எல்லாரும் தங்கள் தட்டிலிருந்த சீஸை ஆராய்ந்தார்கள்.

ஹில்லி அண்ணனின் காதைப் பார்த்தாள். நுனி சிவந்தது. இந்தத் தடவை இளஞ்சிவப்பு இல்லை, அப்பாவின் சிவப்பு. மெல்ல இறங்கியது. அடங்கு, அடங்கு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அது அடங்கவில்லை. மடல் முழுக்கப் பரவியது. போச்சு என்று நினைத்தாள். எல்லாம் போச்சு, அவனும் போச்சு, வயிற்றில் இருக்கும் இதுவும் போச்சு. பெரெண்ட் நாற்காலியை விட்டு எழுந்தான்.

எழுந்தவன் மாமாவிடம் போகவில்லை. வட்டத்தின் நடுவே இரண்டே எட்டில் வந்து, ஹில்லியின் பாதத்தை ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.

உயிர் போகிற வலி. அந்த வலியில்தான் அவளுக்குத் தான் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. பலகை தரையில் கிடந்தது, சாஸேஜ் துண்டுகள் கம்பளத்தில் சிதறியிருந்தன. மாமா நாற்காலியின் முதுகோடு ஒட்டிப்போய், இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் உயர்த்தியிருந்தார். கொம்புப் பிடிக் கத்தி அவள் வலது கையில் இருந்தது. எப்போது எழுந்தாள், எப்போது எடுத்தாள், சத்தியமாக அவளுக்குத் தெரியாது.

"விடு," என்றான் பெரெண்ட் மெல்ல. "ஹில்லி, விரலை விடு. ஒவ்வொண்ணா."

அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கத்தி அவன் கைக்குப் போனது. அந்த நேரத்தில்தான் இல்சே திரும்பினாள்.

அவள் பார்த்தது இதுதான்: கத்தியோடு நிற்கும் பெரெண்ட், காதெல்லாம் சிவப்பு, முன்னால் நடுங்கிக்கொண்டு தங்கை.

"பெரெண்ட், கத்தியைக் கீழ வை."

அவன் குனிந்து கம்பளத்தில் வைத்து, காலால் அதைத் தள்ளிவிட்டு, வெறுங்கைகளை விரித்துக் காட்டினான். இல்சேயின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷ உழைப்பும் ஒரே ஒரு போன் பேசிய நேரத்தில் கரைந்து போனதைப் பார்க்கிறவளின் முகம் அது.

"காபி யாருக்காவது வேணுமா?" என்றாள் அம்மா.

"கிளம்பறோம்," என்றாள் இல்சே. "கோட்டை எடுத்துக்கோ, பெரெண்ட்."

அவன் கோட்டை எடுக்கப் போனான். அப்போது ஹில்லிக்கு ஒன்று புரிந்தது. அவன் சொல்லப் போவதில்லை. சின்ன வயதில் மேசையில் செய்ததையே செய்யப் போகிறான். நீ மாடிக்குப் போ, அடி எனக்கு. அவள் வாயைத் திறக்காவிட்டால், அவள் கையில் கத்தி இருந்ததைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் என்றைக்கும் பேச மாட்டார்கள். பாலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

"கத்தி என் கையில இருந்துச்சு," என்றாள் ஹில்லி.

இல்சே அவளைக் கனிவோடுதான் பார்த்தாள். "நீங்க அவர் தங்கை."

"நான்தான் எடுத்தேன். மாமாவைக் குத்தப் போனேன். அவன் வந்து என்கிட்டேர்ந்து வாங்கினான்."

"நீங்க சொன்னதையும் எழுதுறேன். ஆனா தங்கச்சிங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. படிக்கிறவங்களுக்கும் அது தெரியும்."

ஹில்லி வட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். பக்கத்து வீட்டம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கேக் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தார். ரூபென் பேச எழுந்தான். அவன் கணவன், அவன் சொல்லும் செல்லாது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"அவ சொல்றது சரிதான்."

லம்மெர்ட் மாமா. உயர்த்திய கைகளை இப்போதுதான் இறக்கியிருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"கத்தி அவகிட்ட இருந்துச்சு. இவன் குறுக்க வராட்டி எனக்கு இந்நேரம் தையல் போட்டுக்கிட்டிருப்பாங்க. எழுதிக்கோம்மா. என் பேர் லம்மெர்ட், ரெண்டு 'எம்' போட்டு." பேனா எடுக்கத் தடுமாறிய இல்சேயை முறைத்தார். "கத்தி என்னோடது. அதையும் எழுது."

"நிச்சயமாவா?"

"அவனுக்காக நான் பொய் சொல்லுவேன்னு நினைக்கிறியா? அவன் கையைக்கூட நான் தொடலை." மூச்சு வாங்கிவிட்டு, ஹில்லி பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. நான் சொன்னதுல என்ன தப்பு? நீயே இப்ப எந்திரிச்சு நின்னு காட்டிட்டியே. ரத்தம் ரத்தம்தான்."

அண்ணனைக் காப்பாற்றிய அதே வாக்குமூலம் அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது. கை தன்னையறியாமல் மேலே போய் காதைத் தொட்டது. அடுப்பில் வைத்த சட்டிபோலச் சுட்டது. இத்தனை வயதில் முதல் தடவையாகத் தொட்டுப் பார்க்கிறாள். பந்தயம் கட்டி ஒரு மணி நேரமாக அண்ணன் காதையே பார்த்திருந்தவளுக்குத் தனக்கும் இரண்டு காது இருப்பது தோன்றவே இல்லை.

வெளியே காரின் பக்கத்தில் இல்சே அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று, கிளினிக்கோடு பேசினாள். "இல்லை, அவர் இல்லை. தங்கை. ஆமா, சாட்சி இருக்கு. அந்தச் சாட்சிக்கு அவரைப் பிடிக்காது, அதான் நல்ல சாட்சி," என்பது காற்றில் வந்தது.

"உன் காது சிவந்துச்சு," என்றாள் ஹில்லி. "நான் பார்த்தேன்."

"சிவக்காம? அந்த ஆள் பேசின பேச்சுக்கு."

"அப்ப மாறலையா?"

"சிவப்பெல்லாம் போகாது ஹில்லி. இல்சேயைக் கேளு, தினம் ரெண்டு தடவையாவது வருது. சாப்பாட்டு வரிசையில எவனாவது முன்னால நுழைஞ்சாலே வருது." அவன் லேசாகச் சிரித்தான். "வர்றது தெரியுது இப்போ. முன்ன தெரியாது. அடிச்சதுக்கப்புறம்தான் தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்? என் காது எனக்குத் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமா? முதல்ல அடுத்தவங்க சொல்லணும். ரொம்ப நாள் இல்சேதான் சொன்னா. அசிங்கமா இருக்கும். திட்டியிருக்கேன் அவளை, நாற்காலியைத் தூக்கியிருக்கேன். அப்புறம் ஒருநாள் சூடு எனக்கே தெரிஞ்சுது." கொஞ்சம் தயங்கிச் சொன்னான். "இன்னைக்கு வந்ததுலேர்ந்து உன் காதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். சின்னதிலேயே உனக்கு உண்டு. நாம எல்லாரும் அப்பாவோட காதைப் பார்க்கிறதுலயே இருந்ததால உனக்கு யாரும் சொல்லலை."

அவள் அழுதாள். வெட்கமோ நிம்மதியோ, பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. "மிதிச்சதுக்கு நன்றி," என்றாள். "அப்ப மிதிச்சதுக்கும் சேர்த்து."

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது."

"நல்லது," என்றான் பெரெண்ட், காரில் ஏறினான். இல்சே கதவைப் பூட்டினாள்.

கார் திருப்பத்தில் மறைந்தும் ஹில்லி அங்கேயே நின்றாள். வாசலில் ரூபென், வரலாமா வேண்டாமா என்று தெரியாமல், அவள் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அந்த வாணலி," என்றாள் அவள். "கை தவறலை."

"தெரியும்."

"என் காது சிவந்தா உனக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"பயமா இருந்துச்சு," என்றான் ரூபென்.

அவள் நொண்டிக்கொண்டே வந்து கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். "இனிமே சொல்லணும். சொல்லி நான் கேக்கலைன்னா, காலை மிதி. வலிக்கிற மாதிரி மிதி."

"சரி."

"பிறக்கிறதுக்கும் காது இப்படி இருந்தா, அதுக்கும் சொல்லணும். நடக்க ஆரம்பிச்சதுமே சொல்லணும், மேசைக்கடியில இல்லை, நேரா."

"அப்ப புதன்கிழமை?" என்றான்.

"போகணும். போய், அடுத்த மாசச் செக்கப்புக்கும் நேரம் வாங்கிட்டு வரணும்," என்றாள் ஹில்லி. உள்ளே லம்மெர்ட் மாமா கம்பளத்தில் மண்டியிட்டு, விழுந்த சாஸேஜ் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய், அவருக்கு எதிரே மெதுவாக மண்டியிட்டு, காதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, பொறுக்கத் தொடங்கினாள்.